பழைய காரில் மீட்டர் முள் தப்பாகக் காட்டினால்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் முறை

அம்பாசடரோ பத்மினியோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் நிற்கிற வண்டியில் பெட்ரோல் முள் தப்பாகக் காட்டினால், டேஷ்போர்டைப் பிரித்து மீட்டரை வெளியே எடுப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். மீட்டருக்குள் இருப்பது மெல்லிய கம்பிச் சுருளும் முள்ளும்தான். யாரும் நோண்டாதவரை அது பல பத்தாண்டுகள் தாங்கும். தாங்காதவை வெளியே இருக்கின்றன: எர்த் போல்ட், ஃபியூஸ் கிளிப், டேங்க் மேல் வயர் மாட்டியிருக்கும் லக். உப்புக் காற்று பட்டால் செம்பிலும் பித்தளையிலும் பச்சைக் களிம்பு ஏறும், இரும்பில் துரு ஏறும். அவை மின்சாரத்தை முழுதாக நிறுத்துவதில்லை, சில ஓம் தடையைத்தான் சேர்க்கின்றன. பெட்ரோல் மீட்டரின் கணக்கே ஓமில்தான் நடக்கிறது என்பதால் அந்தச் சில ஓம் போதும், முள் கால் டேங்க் தள்ளி நிற்கும்.

தேவையான சாமான் அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் 2.2 வாட் பல்பில் கட்டிய டெஸ்ட் லேம்ப், இரண்டு பக்கமும் கிளிப் வைத்த 3 மீட்டர் வயர், 22 ஓம், 68 ஓம், 220 ஓம் என மூன்று ரெசிஸ்டர் (1 வாட்), நைஸ் உப்புத்தாள், வாஸ்லின். பேட்டரியில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். லூகாஸ் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் வயரிங்கோடு வந்த பழைய ஆங்கிலேய வடிவமைப்பு வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்திருப்பது, உண்டு. நடுவில் யாராவது மாற்றியும் வைத்திருக்கலாம்.

முதலில் மீட்டர் எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் டெஸ்ட் செய்தால் விடை தலைகீழாக வரும். நல்ல மீட்டரைக் கெட்டது என்று தூக்கிப் போடுவது பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

சாவியைத் திருப்பியதும் முள் டக்கென்று தன் இடத்துக்குத் தாவினால் அது இரண்டு காயில் (கம்பிச் சுருள்) உள்ள பழைய வகை. வண்டி குலுங்கும்போது முள்ளும் ஆடும். சாவி போட்ட பிறகு 15 முதல் 30 விநாடி எடுத்து மெல்ல ஊர்ந்து ஏறினால் அது பைமெட்டல் வகை. உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை, அதைச் சுற்றி ஹீட்டர் கம்பி. கம்பி சூடேறப் பட்டை வளையும், முள் நகரும். மீட்டர் செய்த ஸ்மித்ஸ் நிறுவனம் 1960-களின் நடுவில் முதல் வகையிலிருந்து இரண்டாவதற்கு மாறியது. ஆனால் வண்டியின் வருடத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இத்தனை வருடத்தில் மீட்டர் எத்தனை முறை மாறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. முள் நகரும் விதம் பொய் சொல்லாது.

காயில் வகையில் டேங்க் வயரைக் கழற்றினால் முள் ஃபுல்லுக்குப் போகும், அதே வயரை எர்த்தில் தொட்டால் காலிக்கு வரும். பைமெட்டலில் நேர் எதிர்: கழற்றினால் காலி, எர்த் செய்தால் ஃபுல். இதற்கேற்ப டேங்க் யூனிட்டும், அதாவது டேங்குக்குள் ஃப்ளோட் (மிதவை) ஏறி இறங்க ஓம் மாறும் கருவியும், வேறு. காயில் வகைக்கான யூனிட் காலியில் சில ஓம், நிரம்பினால் 70 முதல் 90 ஓம் அளவில் காட்டும். பைமெட்டல் யூனிட் காலியில் 240 ஓமுக்கு மேல், பாதியில் சுமார் 68, நிரம்பினால் 20 முதல் 30 ஓம்.

பெட்ரோல் ஊற்ற ஊற்ற முள் இறங்குகிறது என்றால் ஒரு வகை மீட்டருக்கு இன்னொரு வகை யூனிட்டைப் போட்டிருக்கிறார்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற யூனிட்டில் 10 முதல் 180 ஓம் வரை ஏறுவதும் உண்டு, 240-லிருந்து 33-க்கு இறங்குவதும் உண்டு. வாங்குமுன் கடையிலேயே மல்டிமீட்டரை வைத்துக் கையால் ஃப்ளோட்டைத் தூக்கிப் பாருங்கள்.

பெட்ரோல் முள்ளும் ஹீட் முள்ளும் சேர்ந்தே தப்பு

ஹீட் முள் என்பது இன்ஜின் சூட்டைக் காட்டுவது. இரண்டு மீட்டர் ஒரே நாளில் கெடாது. இரண்டுக்கும் பொதுவானதைத்தான் தேட வேண்டும்.

இரண்டும் எழவேயில்லை, கூடவே வைப்பரோ இண்டிகேட்டரோ பிரேக் லைட்டோ வேலை செய்யவில்லை என்றால் ஃபியூஸ். லூகாஸ் பெட்டியில் ஏ3, ஏ4 என்ற முனைகளுக்கு நடுவே உள்ள ஃபியூஸ்தான் சாவிக்குப் பின் வரும் பச்சை வயர்களுக்குக் கரண்ட் கொடுப்பது. கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி நன்றாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். சாவி போட்ட நிலையில் ஃபியூஸின் இரண்டு மூடியிலும் அல்லாமல், வயர் ஏறும் முனை ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்பை வையுங்கள். ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் எரிந்தால் கிளிப்பில் களிம்பு. உப்புத்தாளைச் சுருட்டிக் கிளிப்பின் உள்பக்கம் தேய்த்து, கிளிப்பைச் சற்று நெருக்கி, வாஸ்லின் மெல்லத் தடவி மாட்டினால் போதும்.

ஃபியூஸ் சரி, மற்றதெல்லாம் வேலை செய்கிறது, இந்த இரண்டு முள் மட்டும் படுத்துக் கிடக்கிறது என்றால் ஸ்டெபிலைசர். பைமெட்டல் மீட்டர்களுக்கு 12 வோல்ட்டை நேராகக் கொடுப்பதில்லை. ஓடும்போது 14 வோல்ட்டும் நிற்கும்போது 12 வோல்ட்டுமாக மாறினால் முள்ளும் மாறும் என்பதால், நடுவில் ஒரு சின்னத் தகரப் பெட்டி கரண்ட்டை விட்டு விட்டு அனுப்பிச் சராசரியாக 10 வோல்ட் தருகிறது. அதில் ‘பி’ என்ற முனைக்குக் கரண்ட் வரும், ‘ஐ’ முனையிலிருந்து மீட்டர்களுக்குப் போகும். பெட்டியின் உடம்புதான் எர்த்.

இரண்டு முள்ளும் சேர்ந்து அதிகமாகக் காட்டுவதும் இதே பெட்டியால்தான், பெரும்பாலும் அதன் எர்த்தால். உள்ளே இருக்கிற ஹீட்டர் கம்பி எர்த் வழியாகத்தான் சூடாகும். எர்த் போய்விட்டால் சூடாகாது, காண்டாக்ட் திறக்காது, முழு வோல்ட்டேஜும் நேராக மீட்டருக்குப் போய்விடும். அரை டேங்க் இருக்கும்போது முக்கால், இன்ஜின் சாதாரணமாக இருக்கும்போது சூடு ஏறியது போல. இதை நம்பி ரேடியேட்டரைக் கழற்றித் தெர்மோஸ்டாட்டை மாற்றிச் செலவு செய்வது வீண். ஸ்டெபிலைசரைப் பிடித்திருக்கும் ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றி, அடியில் உள்ள பெயிண்டையும் துருவையும் சுரண்டி மாட்டிப் பாருங்கள்.

டெஸ்ட் எளிது. ‘ஐ’ முனைக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் வைத்துச் சாவி போட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். விட்டு விட்டு எரிந்தால் நல்லது. அணையாமல் எரிந்தால் எர்த் இல்லை அல்லது காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது. எரியவே இல்லை, ‘பி’-யில் மட்டும் எரிகிறது என்றால் உள்ளே கட். டிஜிட்டல் மல்டிமீட்டர் வைத்தால் 0-வும் 12-மாகத் தாவிக் குழப்பும். இந்த வேலைக்கு லேம்ப்தான் சரி. பெட்டியில் மேல் பக்கம் எது என்று அடையாளம் இருந்தால் அது மேலேயே இருக்க வேண்டும், சாய்த்து மாட்டினால் சராசரி மாறும்.

பழைய பெட்டி கிடைக்காவிட்டால் 7810 என்ற ரெகுலேட்டர் ஐ.சி. போதும். எழுத்து தெரியும் பக்கம் உங்களைப் பார்க்க, இடமிருந்து வலமாக உள்ளே, எர்த், வெளியே. உள்முனையில் 0.33, வெளிமுனையில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் எர்த்துக்கு வையுங்கள். முதுகுத் தகடு எர்த் என்பதால் நேராகப் பாடியில் போல்ட் செய்யலாம், சூடும் இறங்கும். இது நெகட்டிவ் எர்த் வண்டிக்கு மட்டும். பாசிட்டிவ் எர்த் என்றால் 7910. அதன் கால் வரிசை வேறு, முதுகுத் தகடு கரண்ட் உள்ளே வரும் முனை. மைக்கா வாஷரும் பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் பாடியில் பிடித்தால் ஷார்ட்தான். காயில் வகை மீட்டருக்கு ஸ்டெபிலைசரே கிடையாது, சேர்க்கவும் கூடாது.

பெட்ரோல் முள் மட்டும் செத்துக் கிடக்கிறது, அல்லது ஃபுல்லிலேயே நிற்கிறது

டேங்க் அருகே வேலை. பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றிவிட்டு வயரைத் தொடுங்கள், கிளிப்பை மாட்டிய பிறகு பேட்டரியை இணையுங்கள். டேங்க் பக்கத்தில் வயரை உரசிப் பொறி பறக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

டேங்க் யூனிட்டிலிருந்து வயரை எடுத்து (லூகாஸ் நிறப்படி பச்சையில் கறுப்புக் கோடு), அதற்கும் நன்றாகச் சுரண்டிய பாடிக்கும் நடுவே 68 ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். பைமெட்டல் மீட்டர் பாதிக்கு அருகில் வந்து நிற்க வேண்டும். 22 ஓம் வைத்தால் ஃபுல் அருகில், 220 வைத்தால் காலி அருகில். மூன்றுக்கும் சரியாக வந்தால் மீட்டரும் வயரும் நல்லவை. யூனிட்டையும் அதன் எர்த்தையும் மட்டும் பார்த்தால் போதும். நேராக எர்த் செய்தால் மீட்டர் ஃபுல்லைத் தாண்டி முட்டி நிற்கும், அதிக நேரம் விட்டால் ஹீட்டர் கம்பிக்கு ஆகாது. ரெசிஸ்டர் கையில் இல்லாதபோது மட்டும், முள் நகரத் தொடங்கியதும் எடுத்துவிடுகிற அளவுக்குச் செய்யுங்கள்.

எதற்கும் அசையவில்லை என்றால் இதே ரெசிஸ்டரை மீட்டரின் பின்முனையில் வைத்துப் பாருங்கள். அங்கே அசைந்தால் நடு வயரில் கட், பூட் மூடி அருகிலும் பின்சீட் அடியிலும் தேடுங்கள். அங்கும் அசையவில்லை, ஆனால் மீட்டருக்குக் கரண்ட் வருகிறது என்றால்தான் மீட்டர் மேல் சந்தேகம். வயர்களைக் கழற்றி மீட்டரின் இரண்டு முனைக்கும் நடுவே ஓம் அளந்தால் ஸ்மித்ஸ் பைமெட்டலில் 60, 70 ஓம் அளவில் வரும். எண்ணே வராவிட்டால் கம்பி எரிந்துவிட்டது. பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்து மீட்டரைச் சோதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல பைமெட்டல் மீட்டர் சாவதற்கு அந்தச் சோதனையே போதும்.

டேங்க் நிரப்பினாலும் முக்காலைத் தாண்டவில்லை

கரையோர வண்டிகளில் அதிகம் வரும் பழுது இதுதான், டேங்க் எர்த்தால் வருவது. டேங்கைப் பாடியோடு பிடித்திருக்கிற போல்ட்டுகள் துருவேறி, நடுவில் ரப்பர் பட்டியும் இருந்தால், யூனிட்டின் எர்த் அந்தத் துரு வழியாகத்தான் போயாக வேண்டும். நிரம்பிய டேங்கில் யூனிட் 20 ஓம் காட்ட, துரு 30 ஓம் சேர்த்தால் மீட்டர் பார்ப்பது 50. பைமெட்டலில் அது பாதிக்கும் ஃபுல்லுக்கும் நடுவே. காலிப் பக்கம் 240-உடன் 30 சேர்ந்தால் வித்தியாசமே தெரியாது. அதனால் கீழே சரியாகவும் மேலே குறைவாகவும் காட்டினால் எர்த் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

காயில் வகையில் இதே பழுது ஆபத்தானது. அங்கே ஓம் கூடினால் முள் ஏறும். உள்ளே ஒரு லிட்டர்கூட இல்லாதபோது கால் டேங்க் காட்டும், இ.சி.ஆரில் வண்டி நின்றுவிடும்.

உறுதி செய்ய, யூனிட்டின் தகட்டில் ஒரு கிளிப்பையும் பேட்டரியின் எர்த் முனையில் இன்னொன்றையும் நீள வயரால் இணையுங்கள். முள் சரியான இடத்துக்குப் போனால் வேலை முடிந்தது. யூனிட்டின் ஒரு ஸ்க்ரூவின் கீழ் ஐலெட் (வளைய முனை) வைத்து, தனியாக ஒரு கறுப்பு வயரைச் சுரண்டிய பாடி உலோகத்துக்கு நிரந்தரமாகக் கொண்டுவந்துவிடுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம். ஐலெட்டை கிரிம்ப் செய்து, ஈயம் ஊற்றி, மேலே வெப்பச் சுருக்கக் குழாய் போட்டால் பல மழைக்காலம் தாங்கும். கறுப்பு டேப் மட்டும் சுற்றினால் உப்பு ஈரம் உள்ளே தங்கி இன்னும் சீக்கிரம் களிம்பு ஏறும்.

முள் திடீரென்று விழுந்து எழுகிறது

காயில் வகையில் திருப்பத்தில் முள் ஆடுவது இயல்பு, பெட்ரோல் ஆடுகிறது. பைமெட்டல் முள் அப்படித் துள்ள முடியாது, அதற்குச் சூடாகவும் ஆறவும் நேரம் வேண்டும். அது மெல்ல இறங்கி மெல்ல ஏறிக்கொண்டிருந்தால், அந்த நேரமெல்லாம் எங்கோ கரண்ட் அறுந்து அறுந்து வருகிறது என்று பொருள். எப்போதும் ஒரே அளவில், உதாரணத்துக்குக் கால் டேங்க் அருகில் மட்டும் விழுந்தால் யூனிட்டுக்குள் கம்பி தேய்ந்திருக்கிறது. பெரும்பாலானோர் டேங்கை நிரப்பாமலேயே ஓட்டுவதால் அந்தக் கீழ்ப்பகுதிதான் முதலில் தேயும்.

யூனிட்டைக் கழற்றுவதென்றால் டேங்க் கால் அளவுக்குக் கீழே இருக்க வேண்டும், பேட்டரி கழற்றியிருக்க வேண்டும், வெளிக்காற்றில் செய்ய வேண்டும். வளையம் சுழற்றிக் கழற்றும் வகை என்றால் பித்தளைக் கம்பியால் தட்டுங்கள், இரும்பு ஸ்க்ரூடிரைவர் பொறி விடும். வெளியே எடுத்துப் பெட்ரோல் வாசனை போக உலர்த்தி, முனைக்கும் தகட்டுக்கும் நடுவே ஓமில் வைத்து ஃப்ளோட்டை அங்குலம் அங்குலமாகத் தூக்குங்கள். எண் வழுக்கிக்கொண்டு மாற வேண்டும். ஓரிடத்தில் எண்ணே மறைந்தால் அந்த இடம் போய்விட்டது.

ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. அதற்கு ஈயம் வைக்கச் சூடு காட்டாதீர்கள், உள்ளே இருப்பது பெட்ரோல் ஆவி. புது ஃப்ளோட் வாங்குங்கள். கார்க் ஃப்ளோட் என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். இப்போது பங்க்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் கார்க்கின் மேல்பூச்சைக் கரைத்துவிடும், கார்க் ஊறிக் கனத்து மூழ்கும், முள் காலியிலேயே நிற்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டியில் தண்ணீர் டேங்க் அடியில் சேர்ந்து யூனிட்டின் கம்பியை அரிக்கும்.

ஹெட்லைட் போட்டால் முள் நகர்கிறது, இண்டிகேட்டரோடு சேர்ந்து துடிக்கிறது

டேஷ்போர்டின் எர்த் பலவீனம். லைட் கரண்ட் ஒழுங்கான வழி இல்லாமல் மீட்டரின் உடம்பு வழியாகத் திரும்புகிறது. மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் போஸ்டில், கிளாம்பில் அல்ல, போஸ்டிலேயே ஊன்றி, மறுமுனையை மீட்டரின் உடம்பில் வையுங்கள். ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓடட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பிறகு அந்த முனையை டேஷ்போர்டு தகடு, பாடி, இன்ஜின் பிளாக், பேட்டரி கிளாம்ப் என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எந்த இரண்டு இடத்துக்கு நடுவே எண் சட்டென்று குறைகிறதோ அந்த இணைப்பைச் சுரண்டினால் போதும். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள பின்னல் பட்டை பச்சையாகி உதிர்ந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

ஹீட் முள்

மீட்டருக்குப் பின்னால் வயருக்குப் பதில் மெல்லிய செப்புக் குழாய் வந்தால் அது மின்சார மீட்டரே அல்ல, குழாயை மடக்கவோ வெட்டவோ கூடாது. வயர் வகை என்றால் சென்சரிலிருந்து பச்சையில் நீலக் கோட்டு வயரைக் கழற்றினால் முள் குளிர்பக்கம் போக வேண்டும், ரெசிஸ்டர் வழியாக எர்த் செய்தால் ஏற வேண்டும். சென்சர் மரையில் டெஃப்ளான் டேப் கனமாகச் சுற்றியிருந்தால் எர்த் கிடைக்காமல் குறைவாகக் காட்டும், டேப்பை எடுத்துவிடுங்கள். சென்சரைக் கழற்றி வெந்நீரில் பிடித்து அளந்தால், ஆறிய நிலையில் சில நூறு ஓமாக இருந்தது சூடேற ஏறச் சில பத்து ஓமுக்கு இறங்க வேண்டும்.

ஓடும்போது ஏறியிருந்த ஹீட் முள் திடீரென்று குளிர்பக்கம் விழுந்தால் வயரிங்கை யோசிக்காமல் முதலில் வண்டியை நிறுத்துங்கள். தண்ணீர் வற்றி சென்சர் வெறும் ஆவியில் நின்றாலும் முள் அப்படித்தான் விழும்.

ஆம்பியர் மீட்டர்

இதைத் தொடும்முன் பேட்டரியைக் கழற்றியாக வேண்டும். ஸ்டார்ட்டரைத் தவிர வண்டியின் கரண்ட் பெரும்பாலும் ஃபியூஸ் இல்லாமல் இதன் இரண்டு நட்டு வழியாகத்தான் போகிறது. நட்டு லூஸானால் சூடேறும், வயர் தோல் கறுக்கும், டேஷ்போர்டு எரியும். பின்பக்கம் கைவைத்துப் பார்த்துச் சுட்டால் உடனே கவனியுங்கள். இன்ஜின் ஓடாதபோது லைட் போட்டால் பிளஸ் பக்கம் போகிறது என்றால் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன. 30 ஆம்பியர் மீட்டர் உள்ள வண்டியில் டைனமோவை எடுத்து அதைவிடப் பெரிய ஆல்டர்னேட்டர் வைத்திருந்தால், இரண்டு பழுப்பு வயரையும் ஒரே போல்ட்டில் சேர்த்து இன்சுலேட் செய்து, அந்த இடத்தில் வோல்ட் மீட்டர் வைப்பதுதான் பாதுகாப்பு. அழகு சற்றுக் குறையும், ஆனாலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

வண்டிக்குள் தண்ணீர் ஏறியபின்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது போல வீதியில் தண்ணீர் நின்று வண்டிக்குள் ஏறினால், சாவியைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, தண்ணீர் ஏறிய மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு இணைப்பையும் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சேற்றையும் உப்பையும் அப்படியே காயவிட்டால் அவைதான் பிறகு கரண்ட்டை ஒழுகவிடும். காற்றடித்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, எலக்ட்ரிக்கல் காண்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டுங்கள். மீட்டர்கள் நனைந்திருந்தால் திறக்காமல் மின்விசிறிக் காற்றில் வையுங்கள், வெயிலில் வைத்தால் டயல் பெயிண்ட் உரியும். டேங்கில் வெள்ளநீர் இறங்கியிருந்தால் அடிப் பிளக்கைத் திறந்து முழுவதும் வடித்துவிட்டுத்தான் யூனிட்டைச் சோதிக்க வேண்டும். சாவி போடும்முன் ஏ4 பச்சை வயருக்கும் எர்த்துக்கும் நடுவே ஓம் அளந்து வையுங்கள். அடுத்த நாள் அளந்து அது ஏறியிருந்தால் ஈரம் காய்கிறது என்று பொருள். ஏறாமல் நின்றால் எங்கோ இன்னும் ஈரம் இருக்கலாம்.